செயின்ட் பேன்க்ராஸ்: கூரையைப் பிடித்திருக்கும் தரை

லண்டன் யூஸ்டன் சாலையில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு தெருதான். கிழக்கே இருப்பது கிங்ஸ் கிராஸ், 1852-ல் திறந்தது. மேற்கே இருப்பது செயின்ட் பேன்க்ராஸ், 1868 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தது. கிங்ஸ் கிராஸில் தெருவிலிருந்து நேராக நடந்துபோய் ரயிலில் ஏறிவிடலாம். செயின்ட் பேன்க்ராஸில் ரயில் மாடியில் நிற்கிறது. தெருவுக்கு மேலே ஒரு முழுத் தளத்தின் உயரத்தில் தண்டவாளம். பதினாறு வருட இடைவெளியில், ஒரே சாலையில் கட்டிய இரண்டு நிலையங்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் செயின்ட் பேன்க்ராஸின் மொத்தக் கட்டடக்கலையும் புரிந்துவிடும்.

இந்த நிலையத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, தூணே இல்லாமல் வளைந்து நிற்கும் இரும்புக் கூரை. இன்னொன்று, அதற்கு முன்னால் கோபுரங்களோடு நிற்கும் சிவப்புச் செங்கல் ஓட்டல். கூரை பொறியாளருடையது, ஓட்டல் கட்டடக் கலைஞருடையது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற பேச்சும் கட்டிய காலத்திலிருந்தே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூரையையும் ஓட்டலையும் அவை இருக்கும் விதத்தில் இருக்க வைத்தது மூன்றாவது ஒன்று. அது தரை. அண்ணாந்து பார்க்கிறவர்கள் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போகும் அந்தத் தளம்தான் இங்கே மிகத் துணிச்சலான கட்டுமானம்.

முதலில் ரயில் கம்பெனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிட்லண்ட் ரயில்வே இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பி நகரைத் தலைமையிடமாக வைத்துத் தொழில் செய்த கம்பெனி. நிலக்கரியும் இரும்பும் பீரும் விளையும் பூமி அது. ஆனால் லண்டனுக்குள் வர அதற்குச் சொந்தப் பாதை இல்லை. 1858 முதல் கிரேட் நார்தர்ன் கம்பெனிக்கு வாடகை கொடுத்து அவர்களுடைய தண்டவாளத்தில் கிங்ஸ் கிராஸுக்கு ரயில் விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தன் ரயிலைத்தானே முதலில் விடுவார்? 1862-ல் லண்டனில் சர்வதேசக் கண்காட்சி நடந்தபோது நெரிசல் முற்றி, மிட்லண்டின் நிலக்கரி வண்டிகள் வழியிலேயே தேங்கி நின்றன. இனிமேல் சரிப்படாது என்று அடுத்த வருடமே பெட்ஃபோர்டிலிருந்து லண்டனுக்குச் சொந்தப் பாதை போடப் பார்லிமென்டில் சட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள்.

பாதையின் கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல். இரண்டு நிலையங்களுக்கும் வடக்கே, மிக அருகில், ரீஜென்ட்ஸ் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. வடக்கிலிருந்து வரும் எந்த ரயிலும் அதைத் தாண்டியாக வேண்டும். கிங்ஸ் கிராஸைக் கட்டியவர்கள் கால்வாய்க்கு அடியில் சுரங்கம் போட்டார்கள். அதனால் நிலையம் தெருமட்டத்தில் அமைந்தது. ஆனால் அங்கிருந்து கிளம்பும் நீராவி எஞ்சின், நின்ற நிலையிலிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு புகை அடைத்த சுரங்கத்துக்குள் மேட்டில் ஏற வேண்டியிருந்தது. மிட்லண்டின் பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ அந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்தார். கால்வாய்க்கு மேலே பாலம் போட்டுத் தாண்டினார். தாண்டிய உயரத்திலிருந்து யூஸ்டன் சாலைக்குள் சட்டென்று இறங்க முடியாது, இடம் போதாது. ஆகவே நிலையமே மேலே நிற்க வேண்டியதாயிற்று.

பாதை போன இடம் காலியாக இருந்த இடம் அல்ல. ஏகர் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பு வழியில் இருந்தது. அது ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோனது. பக்கத்தில் இருந்த சோமர்ஸ் டவுனில் ஒரு பகுதியும் போனது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குப் பணம் கிடைத்தது. வார வாடகைக்குக் குடியிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே நெருக்கியடித்து வாழ்ந்தவர்களோடு போய் ஒண்டிக்கொண்டார்கள். செயின்ட் பேன்க்ராஸின் அழகைப் பற்றி எவ்வளவு மனம் நிறைந்து எழுதினாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன். கட்டடக்கலைப் புத்தகங்கள் பல இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இறந்தவர்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. பழைய செயின்ட் பேன்க்ராஸ் தேவாலயத்தின் இடுகாட்டுக்குள் பாதை புகுந்தது. எலும்புகளைத் தோண்டிய விதம் ஊரில் பெரும் கொதிப்பைக் கிளப்பியதால், மேற்பார்வைக்கு ஆர்தர் புளோம்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞரை நியமித்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த இளைஞர்தான் பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டி. தோண்டும் இடத்தில் மாலை நேரங்களில் போய் நின்று கண்காணிப்பது அவர் வேலையாக இருந்தது. பெயர்த்தெடுத்த கல்லறைக் கற்கள் அங்கே ஒரு மரத்தடியைச் சுற்றி நெருக்கமாகச் சாய்ந்து நின்றன. ஹார்டி மரம் என்று பெயர் பெற்ற அந்த மரம் 2022 டிசம்பரில் சாய்ந்துவிட்டது.

இதெல்லாம் போக, நிலையம் அமையும் இடத்துக்குக் கீழே ஃபிளீட் என்ற பழைய ஆறு சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. மிட்லண்டின் இன்னொரு கிளைப் பாதையும் நிலையத்துக்கு அடியில் சுரங்கமாகப் போய், லண்டனின் நிலத்தடி ரயிலான மெட்ரோபாலிட்டன் பாதையில் சேர வேண்டியிருந்தது. மேலே ரயில், கீழே ரயில், அதற்கும் பக்கத்தில் சாக்கடை. பார்லோ இதற்கு நடுவில்தான் அடித்தளம் போட வேண்டும்.

இப்போது தரைக்கு வருவோம்.

தண்டவாளம் உயரத்தில் நிற்க வேண்டும் என்றால் அதற்கும் தெருவுக்கும் இடையிலுள்ள பெரும் பள்ளத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். சுரங்கம் தோண்டிய மண் மலைபோல இருந்தது. அதைக் கொட்டி நிரப்பிவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. கம்பெனியின் பொது மேலாளர் ஜேம்ஸ் ஆல்போர்ட் வணிகக் கண்ணோடு பார்த்தவர். லண்டனின் நடுவில், ஒரு பெரிய சாலைக்குப் பக்கத்தில் இவ்வளவு பரப்பை மண்ணுக்குக் கொடுப்பதா என்று யோசித்தார்கள். (மூன்றாம் வகுப்புப் பயணிகளையும் எல்லா ரயில்களிலும் ஏற்ற வேண்டும் என்று 1872-ல் முடிவெடுத்தவரும் இதே ஆல்போர்ட்தான். இங்கிலாந்தில் ஏழைகளின் ரயில் பயணம் அதற்கப்புறம்தான் மனிதப் பயணம் ஆனது.) மண்ணுக்குப் பதில் கிடங்கு என்று முடிவானது. கிடங்கில் என்ன வைப்பது என்பதற்கு மிட்லண்டிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. பர்ட்டன் நகரத்து பீர்.

பர்ட்டனின் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் காய்ச்சிய வெளிர்நிற பீருக்கு லண்டனில் பெரும் கிராக்கி இருந்தது. மரப்பீப்பாய்களில் ரயிலேறி வந்த அந்தச் சரக்கை குளிர்ச்சியாக, இருட்டாக, சந்தைக்கு அருகே வைத்திருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. பிளாட்பாரத்துக்கு அடியில் அப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டது. பீப்பாய் ஏற்றிய வேகன்களை நீரழுத்தத்தால் இயங்கும் லிஃப்டில் வைத்து அப்படியே கீழே இறக்குவார்கள். கீழேயும் தண்டவாளம் உண்டு.

இந்த இடத்தில் பார்லோ செய்தது சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் நிலையத்தின் அளவுகள் அனைத்தும் இதிலிருந்து பிறந்தவை. கிடங்கு என்றால் வழக்கமாகக் கனத்த செங்கல் சுவர்களும் வளைவுகளும் எழுப்புவார்கள். சுவர் இடத்தைத் தின்னும், பீப்பாயை உருட்ட வழிவிடாது. பார்லோ சுவருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்புத் தூண்களை வரிசை வரிசையாக நட்டார். அவற்றின் மேல் தேனிரும்பு உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அதன்மேல் இரும்புத் தகடு பரப்பி ரயிலை நிற்க வைத்தார். தூணுக்குத் தூண் இடைவெளி 14 அடி 8 அங்குலம். இந்த அளவு எங்கிருந்து வந்தது? பர்ட்டன் பீர்க் கிடங்குகளிலிருந்து. பீப்பாய்களை வீணாக இடம் விடாமல் அடுக்கப் பொருத்தமான இடைவெளி அது. 1870-ல் சிவில் பொறியாளர்கள் சங்கத்தில் தன் கட்டுமானத்தைப் பற்றிக் கட்டுரை படித்தபோது, இந்தத் தளத்தின் ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் பீப்பாயின் நீளமே அளவுகோலாக அமைந்தது என்று பார்லோ வெளிப்படையாகவே சொன்னார்.

கூரையின் இரும்பு வளைவுகள் 29 அடி 4 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. 14 அடி 8 அங்குலத்தின் சரியான இருமடங்கு. கீழே இரண்டு தூண் இடைவெளிக்கு மேலே ஒரு வளைவு. பிளாட்பாரத்தில் நின்று அந்த வளைவுகள் சீராக வரிசைகட்டிப் போவதைப் பார்த்து மயங்குகிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, பீர்ப் பீப்பாயின் அளவைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஓர் அன்றாடத் தேவையை நேர்மையாக எடுத்துக்கொண்டு அதிலிருந்து மொத்தக் கட்டடத்தின் ஒழுங்கையும் வளர்த்தெடுப்பது பெரிய கலை. பார்லோவுக்கு அந்தக் கலை கைவந்திருந்தது.

கூரையைப் பற்றிய முக்கியமான முடிவையும் தரைதான் எடுத்தது. அந்தக் காலத்தில் பெரிய நிலையங்களில் கூரையை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, நடுவில் தூண் வரிசை வைத்துத் தாங்குவது வழக்கம். பக்கத்திலுள்ள கிங்ஸ் கிராஸே அப்படித்தான், இரண்டு வளைவுக் கூரைகள். செயின்ட் பேன்க்ராஸில் நடுவில் தூண் வைத்தால் என்ன ஆகும்? அந்தத் தூணின் பெரும் எடை கீழே கிடங்கின் நடுவே இறங்கும். அதைத் தாங்கக் கனத்த அடித்தளம் வேண்டும். பீப்பாய் வரிசையின் ஒழுங்கு குலையும். அதற்கும் கீழே சுரங்கப்பாதை வேறு குறுக்கிடுகிறது. நடுவில் எதுவுமே இல்லாவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஒரே வளைவு, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை 240 அடி. கிட்டத்தட்ட 73 மீட்டர். நீளம் 689 அடி, உச்சியின் உயரம் பிளாட்பாரத்திலிருந்து 100 அடி. அதற்கு முன் உலகில் எந்த ரயில் நிலையத்துக்கும் இவ்வளவு அகலமான ஒற்றைக் கூரை இருந்ததில்லை. அதற்கப்புறமும் இருபது வருடத்துக்கு மேல் வேறெந்த நிலையமும் அதை மிஞ்சவில்லை.

அகலமான வளைவு என்றாலே ஓர் ஆபத்து உண்டு. தன் எடையால் அது கால்களை வெளிப்பக்கம் உதைக்கும். தேவாலயம் கட்டுகிறவர்கள் நூற்றாண்டுகளாகச் சமாளித்துவந்த விசை இது. இரண்டு வழிகள் உண்டு. கால்களுக்கு வெளியே மலைபோன்ற சுவர் எழுப்பி முட்டுக்கொடுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு கால்களையும் ஒரு கம்பியால் இழுத்துக் கட்டலாம். வில்லின் இரு முனைகளை நாண் இழுத்துப் பிடித்திருக்கிறதே, அதே வேலைதான். முதல் வழிக்குச் செலவும் இடமும் அதிகம். இரண்டாவது வழியில் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் தொங்கும். அன்றைய நிலையங்கள் பலவற்றில் அண்ணாந்து பார்த்தால் கூரை தெரியாது, கம்பிதான் தெரியும்.

பார்லோ இரண்டாவது வழியைத்தான் எடுத்தார், ஆனால் நாணைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தார். ரயிலைத் தாங்குவதற்காக எப்படியும் போட்டாக வேண்டிய தள உத்திரங்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நீண்டு கிடக்கின்றன அல்லவா? வளைவின் இரு கால்களையும் அவற்றோடு பிணைத்துவிட்டார். மேலே கூரை கால்களை வெளியே தள்ளப் பார்க்கிறது, கீழே தரை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பயணிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அந்த நாணின் மேல்தான். பக்கச் சுவர்கள் கூரையின் உதைப்பைத் தாங்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே ஒரு கம்பிகூட இல்லை. வளைவுகள் சுவரின் உச்சியிலிருந்து தொடங்காமல் பிளாட்பாரத்தின் ஓரத்திலிருந்தே எழுவதற்கும் இதுவே காரணம். மனித உயரத்தில், கைதொடும் தூரத்தில் தொடங்கும் இரும்பு அப்படியே மேலேறி எதிர்ப்பக்கம் போய் இறங்குகிறது. இந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் உடம்பில் ஏற்படும் சிலிர்ப்புக்கு அகலத்தைவிட இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வெயிலில் இரும்பு விரியும், குளிரில் சுருங்கும். நாண் தலைக்கு மேலே இருந்தால் அதுவும் நீண்டு சுருங்கிக் கால்களை அசைக்கும். தரைக்கடியில் வெப்பநிலை அவ்வளவாக மாறாது. ஆகவே கால்கள் அசையாமல் இருக்கும், வளைவின் உச்சி மட்டும் கொஞ்சம் எழும்பித் தாழும்.

உச்சியில் இரு பக்க வளைவுகளும் மெல்லிய கூர்முனையாகச் சந்திக்கின்றன. முன்னால் நிற்கும், கோத்திக் என்ற கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணி ஓட்டலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கூரையின் வடிவம் முடிவானது ஓட்டலின் வடிவத்துக்கு முன்னால். பக்கவாட்டில் வீசும் காற்றைத் தாங்க அந்த வடிவம் உதவும், பார்வைக்கும் நன்றாக இருக்கும் என்பதுதான் பார்லோ சொன்ன காரணம். ஓட்டலைக் கட்டிய கலைஞரே, கூரை முன்கூட்டியே தனக்கு இசைவாக அமைந்திருந்தது கண்டு மகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

இரும்பு வேலையின் நுணுக்கங்களில் பார்லோவுக்குத் துணை நின்றவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். இருவருமே 1851-ல் லண்டன் கண்காட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையின் கட்டுமானத்தில் அனுபவம் பெற்றவர்கள். ஆர்டிஷுக்கு இந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. பம்பாயில் இன்றும் சிதிலமடைந்து நிற்கும் வாட்சன் ஓட்டல் அவர் வடிவமைத்தது. இங்கிலாந்தில் வார்த்த இரும்புப் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860-களின் கடைசியில், அதாவது செயின்ட் பேன்க்ராஸ் கூரை எழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில், பூட்டி நிறுத்தினார்கள். 1896-ல் லூமியர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்கேதான்.

கூரையின் இரும்பு வேலையைச் செய்து கொடுத்தது டார்பிஷயரின் பட்டர்லி கம்பெனி. வளைவுகளின் அடிப்பாகத்தில் அவர்கள் பெயரும் 1867 என்ற ஆண்டும் பொறித்த தகடு இன்னும் இருக்கிறது. சக்கரங்களின் மேல் உருளும் பிரம்மாண்டமான மரச் சாரங்களைச் செய்து, ஒரு வளைவை நிறுத்தியதும் சாரத்தை நகர்த்தி அடுத்ததை நிறுத்தினார்கள்.

இனி ஓட்டல். 1865-ல் மிட்லண்ட் ஒரு போட்டி வைத்தது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் வடிவம் கேட்டதைவிடப் பெரியது, போட்டிக்கு வந்தவற்றில் மிக அதிகச் செலவு பிடிப்பதும்கூட. அப்படியும் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்காட்டுக்குள் ஓர் ஆறாத வருத்தம் இருந்தது. வெளியுறவு அமைச்சக அலுவலகத்துக்கு அவர் கோத்திக் பாணியில் வரைந்ததைப் பிரதமர் பாமர்ஸ்டன் பிடிவாதமாக மறுத்து, இத்தாலிய பாணியில் மாற்றிக் கட்ட வைத்திருந்தார். அன்று மறுக்கப்பட்ட வரைபடத்தையே ஸ்காட் தூசி தட்டி இங்கே கட்டிவிட்டார் என்று ஒரு கதை இன்னமும் சுற்றுகிறது. அது உண்மையில்லை. இரண்டு கட்டடங்களின் இடமும் தேவையும் அமைப்பும் வேறு வேறு. மனதில் அடக்கிவைத்திருந்த ஆசைக்கு இங்கே வழி கிடைத்தது என்று மட்டும் சொல்லலாம்.

1866-ல் லண்டனில் பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்து பண நெருக்கடி வந்ததால் ஓட்டல் வேலை தாமதமானது. 1873 மே மாதம் மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் திறந்தது. முழுதாக முடிய மேலும் மூன்று வருடம் ஆயிற்று.

வெளிப்பார்வைக்கு வெனிஸும் பெல்ஜியமும் பிரான்ஸும் இடைக்கால இங்கிலாந்தும் கலந்த கட்டடம். கூர்முனை ஜன்னல்கள், செங்குத்தான கூரைகள், மேற்கே ஒரு பெரிய கோபுரம், கிழக்கே கடிகாரக் கோபுரம். ஆனால் பொருட்களைப் பாருங்கள். செங்கல் நாட்டிங்ஹாமிலிருந்து, கல் ஆன்காஸ்டரிலிருந்தும் மான்ஸ்ஃபீல்டிலிருந்தும். மிட்லண்ட் பகுதியில் விளைந்தவை, மிட்லண்ட் வண்டியில் வந்தவை. மஞ்சள் செங்கல்லும் கரியும் படிந்த லண்டன் நடுவில் அந்த ஆழ்ந்த சிவப்பு, எங்கள் ஊரில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள் என்று பெருமையோடு சொல்லியது. முன்பு டிக்கெட் கொடுத்த கூடத்தில் தூண்தலைகளுக்கு அருகே எஞ்சின் டிரைவர், கார்டு, சிக்னல்காரர் என்று ரயில் தொழிலாளர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தேவாலயத்தில் புனிதர்கள் இருக்கும் இடத்தில் உழைப்பாளிகள். ஸ்காட் செய்த மிக அழகான காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

தரையின் உயரத்துக்கு ஸ்காட்டும் கட்டுப்பட்டார், அதைத் தனக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொண்டார். சாலையிலிருந்து குதிரை வண்டிகள் மேலேறச் சரிவுப்பாதை அமைத்து, பெரிய வளைவு வாசல்கள் வழியாக உள்ளே கொண்டுபோனார். சாலையோரம் கீழ்மட்டத்தில் கடைகள். ஓட்டல் ஒரு மேடைமேல் ஏறி நிற்பதால்தான் அதன் கோபுரங்களுக்கு அந்தக் கம்பீரம். மேற்குப் பக்கம் கட்டடம் சாலையை நோக்கி வளைந்து வருவதும், தூரத்திலிருந்து வருகிறவர் கண்ணுக்கு அது அடுக்கடுக்காக எழுவதும் அந்த உயரத்தால் இரட்டிப்பாகத் தெரிகின்றன. பார்லோவின் கூரையை ஓட்டல் மறைக்கிறது என்ற குறை நியாயமானதே. தெருவிலிருந்து பார்த்தால் பின்னால் அப்படி ஒரு கூடம் இருப்பதே தெரியாது. ஆனால் உள்ளே போனால் ஸ்காட் இரும்பை வெறுத்தவர் இல்லை என்பது விளங்கும். ஓட்டலின் புகழ்பெற்ற பெரிய படிக்கட்டு ஒரு கிளையாகத் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து மாடி மாடியாக ஏறுகிறது. அதன் அடிப்பக்கத்தில் தாங்கும் இரும்பு உத்திரங்களை மறைக்காமல், அவற்றையே அலங்காரமாகக் காட்டியிருக்கிறார்.

ஓட்டலின் வீழ்ச்சிக்குக் காரணமும் கட்டுமானத்திலேயே இருந்தது. தீப்பிடிக்காமல் இருக்க தளங்களைக் கான்கிரீட்டால் கனமாகப் போட்டிருந்தார்கள். நீரழுத்த லிஃப்ட் உண்டு, ஒவ்வோர் அறையிலும் கணப்பு உண்டு, ஆனால் அறையோடு சேர்ந்த குளியலறை கிடையாது. பணியாட்கள் வெந்நீரைச் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றுவார்கள். இருபதாம் நூற்றாண்டில் விருந்தினர்கள் அறையிலேயே குளியலறை கேட்க ஆரம்பித்தபோது, அந்தத் தளங்களைத் துளைத்துக் குழாய் பதிக்க வழியில்லாமல் போயிற்று. 1935-ல் ஓட்டலை மூடி ரயில்வே அலுவலகமாக்கினார்கள். 1980-களில் தீ பாதுகாப்பு விதிகளால் அலுவலகமும் காலியானது.

அதற்குள் ரசனையும் மாறியிருந்தது. விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அருவருப்பு என்ற காலம். அதே சாலையில் மேற்கே இருந்த யூஸ்டன் நிலையத்தின் மாபெரும் கல் வாசலை 1961–62-ல் இடித்தே விட்டார்கள். எவ்வளவோ பேர் கெஞ்சியும் நிற்கவில்லை. அடுத்து, 1966-ல், கிங்ஸ் கிராஸையும் செயின்ட் பேன்க்ராஸையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற யோசனை வந்தது. இந்த முறை எதிர்ப்பு வலுவாக இருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமனும், கட்டடக்கலை வரலாற்றாளர் நிகோலஸ் பெவ்ஸ்னரும், அவர்கள் சார்ந்திருந்த, விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டியும் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். 1967 நவம்பரில் நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் முதல்தரப் பாதுகாப்பு கிடைத்தது. யூஸ்டன் வாசலின் இழப்புதான் செயின்ட் பேன்க்ராஸைக் காப்பாற்றியது என்பது மிகையில்லை.

சட்டம் இடிப்பதைத் தடுத்ததே தவிர, பராமரிப்பைக் கொண்டுவரவில்லை. நிலையத்துக்குள் இருந்த பெரிய கடிகாரத்தை 1970-களில் விற்கப் பார்த்து, இறக்கும்போது கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். ஒரு ரயில் கார்டு அந்தத் துண்டுகளை வாங்கி, நாட்டிங்ஹாம்ஷயரில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பல காலம் உழைத்து மறுபடி பொருத்தி நிறுத்தினார். நிலையத்துக்குப் புதிய கடிகாரம் செய்தபோது அவர் காப்பாற்றிவைத்திருந்ததுதான் முன்மாதிரியாக உதவியது.

இந்தக் கட்டடத்தின் தாக்கம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. பம்பாயின் விக்டோரியா டெர்மினஸை, இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸை, 1878 முதல் பத்து வருடம் கட்டிய எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் ஐரோப்பிய நிலையங்களைப் பார்த்துவந்த பிறகே வரைந்தார். செயின்ட் பேன்க்ராஸின் சாயல் அதில் இருப்பதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சாயல் உண்டுதான், ஆனால் ஸ்டீவன்ஸ் நடுவில் எழுப்பிய கும்மட்டமும், உள்ளூர்க் கலை மாணவர்கள் செதுக்கிய மயிலும் குரங்கும் இலை கொடிகளும் அதை வேறொரு கட்டடமாக்கிவிட்டன. பம்பாய் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்தையோ ஸ்காட்டே வரைந்தார். இந்தியாவுக்கு வராமலேயே வரைந்தார்.

செயின்ட் பேன்க்ராஸுக்கு மறுவாழ்வு பாரிஸிலிருந்து வந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலடிச் சுரங்கம் வழியாக ஓடும் யூரோஸ்டார் ரயில்களுக்கு லண்டனில் நிலையமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007 நவம்பர் 14 முதல் அங்கிருந்து பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் ரயில். நடுவில் தூணே வைக்காத பார்லோவின் முடிவு 139 வருடம் கழித்துப் பலன் தந்தது. தண்டவாளங்களையும் பிளாட்பாரங்களையும் இஷ்டப்படி மாற்றிப் போட்டுக்கொள்ள கூரை எந்தத் தடையும் சொல்லவில்லை.

நீளம்தான் போதவில்லை. யூரோஸ்டார் ரயில் 400 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, பார்லோவின் கூரை 210 மீட்டர். ஆகவே வடக்கே தட்டையான கண்ணாடிக் கூரையோடு ஒரு நீட்டிப்பைக் கட்டினார்கள். பழைய வளைவைப் போலச் செய்ய முயலாமல், சமதளமாக, அடக்கமாக விட்டது சரியான முடிவு.

மிகக் கடினமான வேலை தரையில்தான் காத்திருந்தது. இருட்டுக் கிடங்கைப் பயணிகள் கூடமாக்க வேண்டும். பரிசோதனையும் காத்திருப்பும் கடைகளும் பீப்பாய்கள் இருந்த இடத்துக்கு வரவேண்டும். அங்கே வெளிச்சம் இறங்கவும் மேலே ஏறப் படிகள் வைக்கவும் தளத்தைத் திறந்தாக வேண்டும். ஆனால் அந்தத் தளம்தான் கூரையின் கால்களை இழுத்துப் பிடித்திருக்கும் நாண். கணக்கில்லாமல் வெட்டினால் வளைவு விரியும். அந்த இழுவிசை வேறு வழியில் கடந்துபோக ஏற்பாடு செய்த பிறகே, அளந்து அளந்து திறப்புகளை வெட்டினார்கள். இப்போது கீழே கடைகளுக்கு நடுவே நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் பார்லோ நட்டவைதான். அங்கிருந்து அண்ணாந்தால், வெட்டிய தளத்தின் வழியாக, வான்நீலம் பூசிய கூரை தெரிகிறது. முதலில் பழுப்பாக இருந்த இரும்புக்கு 1870-களிலேயே நீலம் பூசியிருந்தார்கள். மீட்டெடுத்தபோது அந்த நிறத்துக்கே திரும்பினார்கள். ஓட்டலும் 2011-ல் மீண்டும் திறந்தது, இந்த முறை குளியலறைகளோடு.

ஒரு மாற்றம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. லெஸ்டருக்கும் நாட்டிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் போகும் ரயில்கள், அதாவது இந்த நிலையத்தைக் கட்டவைத்த மிட்லண்ட் பாதையின் ரயில்கள், இப்போது பார்லோவின் கூரைக்குள் வருவதில்லை. வெளியே, புதிய நீட்டிப்பின் தட்டைக் கூரைக்குக் கீழே நிற்கின்றன. பெரிய கூடம் யூரோஸ்டாருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. எல்லைப் பரிசோதனை இருப்பதால் வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் நாட்டிங்ஹாமிலிருந்து வருகிற ஒருவர் தன் ஊர்ச் செங்கல்லால் கட்டிய ஓட்டலையும் டார்பிஷயர் இரும்பில் செய்த கூரையையும் பார்க்க வேண்டுமானால், ரயிலை விட்டு இறங்கி நீட்டிப்பின் முழு நீளத்தையும் நடந்து தெற்கே வரவேண்டியிருக்கிறது. நேரம் இருப்பவர்கள் அந்த நடையை நடந்துவிடுங்கள். மேல்தளத்தில் ஏறி, பிளாட்பாரத்தின் ஓரத்தில் ஒரு வளைவு எழும் இடத்தில் நின்று, பட்டர்லி என்ற பெயர் பொறித்த தகட்டைத் தேடுங்கள்.